நான் கேட்டதைக் கொடுக்காத கர்த்தர்

அன்பான விசுவாசக் குடும்பத்தாருக்கு, ஜவ்வாது மலைமேலிருந்து உங்கள் சகோதரி ஒருத்தி சொல்லிக்கொள்வது. சாட்சி சொல்ல வருகிறவர்கள் கேட்டது கிடைத்த கதையைச் சொல்வார்கள். நான் பல வருஷமாகக் கேட்ட ஒன்றைக் கர்த்தர் கொடுக்காமல் விட்டதற்காக நன்றி சொல்ல வந்திருக்கிறேன். எழுந்து நின்று பேச என் கால் ஒத்துக்கொள்ளாது. உட்கார்ந்தே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

எனக்கு ஒரே மகள். பெயர் எஸ்தர். வயது இருபதைத் தாண்டிவிட்டது, ஆனால் பேச்சு வராது. உடை மாற்றிவிட வேண்டும், தலை வாரிவிட வேண்டும், சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்ட வேண்டும். வலிப்பும் உண்டு. ராத்திரி சாப்பாட்டோடு மாத்திரை கொடுக்காவிட்டால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். பயந்துவிட்டால் அழமாட்டாள், கத்தமாட்டாள். கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்வாள். அப்போது அவள் வீட்டில் இருக்கிறாள் என்றே யாருக்கும் தெரியாது.

இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மார்கள் வாய்விட்டுச் சொல்லாத ஜெபம் ஒன்று இருக்கிறது. நானும் தினமும் அதைச் செய்தேன். ஆண்டவரே, எனக்கு முன்னே இவளை எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு நாள் முன்னே எடுத்துக்கொண்டாலும் போதும், மறுநாள் நானும் வந்துவிடுகிறேன். இதுதான் அந்த ஜெபம். என்ன தாய் இவள் என்று சிலர் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். நான் செத்தபிறகு என் பிள்ளை யார் வாசலில் போய் நிற்பாள் என்று யோசித்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஜெபம் புரியும்.

பரலோகம் என்றால் உங்களுக்கு வெளிச்சமும் பாட்டும் நினைவுக்கு வரலாம். எனக்கு ஒன்றே ஒன்றுதான். அங்கே போனதும் எஸ்தர் என்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிடுவாள். அந்தக் குரல் எப்படி இருக்கும், என்னைப் போலக் கட்டைக் குரலா, அவள் அப்பாவைப் போல மெல்லிசா என்று யோசித்துக்கொண்டே சாமைக் கொல்லையில் களை எடுப்பேன். இங்கே இருக்கிற வீடு நமக்கு வீடே இல்லை என்று பாடும்போது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். நான் அழுதுகொண்டு பாடுவேன். எனக்கு அது பாட்டு அல்ல, விண்ணப்பம்.

என் வீட்டுக்காரர்தான் முதலில் விசுவாசத்துக்கு வந்தார். பின்னால் நானும் ஞானஸ்நானம் எடுத்து, கனகா என்ற பெயர் போய் ரூத் ஆனேன். எங்கள் வகையறாவில் வேறு யாரும் வரவில்லை. அவர் காய்ச்சலில் இறந்துபோனபோது, தன்னை ஜெபம் பண்ணித்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்படியே செய்தோம். மேளம் இல்லை, சாங்கியம் இல்லை, காரியம் இல்லை. அவருடைய அண்ணன், என் மூத்தார், குழி மேட்டில் நின்று அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. "என் தம்பிய அநாதைப் பொணமா பொதச்சிட்டியேம்மா" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை, நாலு வார்த்தை பேசிவிட்டேன். இரட்சிக்கப்பட்டவள்தான், ஆனால் என் நாக்கு முழுசாக இரட்சிக்கப்பட இன்னும் நாள் இருக்கிறது.

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. மூத்தார் வீடும் என் வீடும் ஒரே வாசல். அவருடைய மனைவி பச்சையம்மாள், என் ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், வாசல் பெருக்கும்போது பாதியோடு நிறுத்திக்கொள்வாள். மீதிப் பாதியை நான் பெருக்குவேன். அம்மன் திருவிழா வந்தால் படைத்த பொங்கலை எல்லா வீட்டுக்கும் பங்கு போடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று நான் முதல் வருஷமே சொல்லிவிட்டேன். படைத்த சோறு என் பிள்ளை வாயில் படக்கூடாது என்பதில் நான் கண்டிப்பு. அதற்குப் பிறகு யாரும் என் வாசலுக்குக் கொண்டுவரவில்லை.

எஸ்தருக்கு மேளச் சத்தம், வண்டிச் சத்தம் எது கேட்டாலும் அந்தப் பக்கம் நடந்துபோய்விடுகிற பழக்கம் உண்டு. எங்கள் ஊரைச் சுற்றிக் காடும் பள்ளமும். அதனால் நான் காட்டுக்குப் போகிற நாளில் அவளை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவேன். சாவி என் இடுப்புச் சுருக்குப்பையில் இருக்கும். கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கும். ஒரே ஒரு நாள் வந்து அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் பேசலாம்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் நானும் எஸ்தரும் காலை பஸ்ஸில் ஒடுகத்தூருக்கு இறங்கி ஆராதனைக்குப் போவோம். சில வாரம் பஸ் கிடைக்காமல் அங்கேயே ஒரு சகோதரி வீட்டில் தங்கி மறுநாள் வருவதும் உண்டு. இது ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கினால், அது வேதக்கோயிலுக்குப் போயிருக்குது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

அன்றைக்குப் பஸ் வரவில்லை. வெயில் ஏறும்வரை ரோட்டில் நின்றோம். அன்றைக்கு அம்மன் திருவிழா. பக்கத்து ஊரில்தான் கோயில், மேட்டைத் தாண்டிப் போகவேண்டும். ஊர் மொத்தமும் விடியற்காலையிலேயே அங்கே போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் தெருவில் ஒரு ஆள் இல்லை. மேளம் மட்டும் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது. எஸ்தர் அந்தப் பக்கமே இழுத்தாள். எனக்குக் கோபம் வந்தது. பஸ்மேல் கோபம், மேளத்தின்மேல் கோபம், ஆராதனை போய்விட்டதே என்று என்மேலும் கோபம். அவளுக்குக் கூழ் ஊட்டி, உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு, கோணியை எடுத்துக்கொண்டு கடுக்காய் பொறுக்கக் கிளம்பிவிட்டேன். மறுநாள் கடுக்காய் வாங்குகிறவர் மலைக்கு வருகிற நாள்.

ஓய்வுநாளில் வேலைக்குப் போனதால்தான் உனக்கு இப்படி நடந்தது என்று ஒரு சகோதரி ஆஸ்பத்திரிக்கு வந்து என்னிடம் சொன்னார். அவருக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். அதை இங்கே திரும்பச் சொல்வது சாட்சிக்கு அழகல்ல.

கடுக்காய்க்கு நான் எப்போதும் போகிற இடம் ஊர் அறிந்த ஒரு காட்டு ஓடை. மாசியில் தண்ணீர் இருக்காது, பெரிய பெரிய பாறைகள்தான். கரையில் கடுக்காய் மரங்கள் நிற்கின்றன. பாதிக் கோணி நிறைந்திருக்கும். கரையில் ஒரு கல்லின்மேல் கால் வைத்தேன். அது உருண்டது. கல்லோடு நானும் ஓடைக்குள் போனேன். விழுந்ததும் மேலிருந்து இன்னொரு பாறை சரிந்து, முழங்காலுக்குக் கீழே என் காலைக் கீழ்ப்பாறையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. கையால் பாறையைத் தள்ளினேன். அது அசையவில்லை. கத்தினேன். என் சத்தம் எதிர்க்கரையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் என் குரல் யாருக்குக் கேட்கும். வலி தாங்காமல் மயக்கம் வந்தது, தெளிந்தது, மறுபடி வந்தது.

ஒரு நேரம் வலி எங்கேயோ போய்விட்டது. உடம்பு லேசாக இருந்தது. மனசில் ஒரு அமைதி. ஓகோ, வீட்டுக்குக் கூப்பிடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷப்பட்டேன். எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். களை எடுத்த கையைக் கழுவிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது இடுப்பில் சாவி குத்தியது.

எஸ்தர் உள்ளே இருக்கிறாள். கதவு பூட்டியிருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. இன்றைக்கு ஞாயிறு. யார் பார்த்தாலும் தாயும் மகளும் ஒடுகத்தூர் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். இன்றைக்கும் தேடமாட்டார்கள், நாளைக்கும் தேடமாட்டார்கள். இருட்டினால் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். சத்தம் போடமாட்டாள். மாத்திரை இல்லாமல் வலிப்பு வரும். தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. நான் இங்கே மெதுவாகச் சாவேன். அவள் அங்கே எனக்கு முன்னே போய்விடுவாள்.

எனக்கு முன்னே.

சகோதரிகளே, அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் கேட்டதுதானே நடக்கிறது. ஒரு நாள் முன்னே என்று வாய் வலிக்கக் கேட்டேனே. பூட்டையும் நானே போட்டேன், ஜெபத்தையும் நானே பண்ணினேன். அவள் ஒரு நாள் முன்னே போவதென்றால் எப்படிப் போவாள் என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தேனா? தூக்கத்தில் போவாள், என் மடியில் போவாள் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். இருட்டில், கட்டிலுக்கு அடியில், அம்மா ஏன் வரவில்லை என்று தெரியாமல் போவாள் என்று நினைக்கவில்லை.

பரலோகம், அமைதி எல்லாம் பறந்துபோய்விட்டது. வலி திரும்பி வந்தது. வரட்டும் என்றேன். வலி இருந்தால்தான் உயிர் இருக்கும். வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த நாக்கால் நான் கத்தி ஜெபித்தேன். ஆண்டவரே, நான் கேட்டதைக் கொடுக்காதேயும். இத்தனை வருஷம் கேட்டதெல்லாம் தப்பு, திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என்னை இப்போது கூப்பிடாதேயும், கூப்பிட்டாலும் வரமாட்டேன். என் பிள்ளைக்கு ஒரு ஆளை அனுப்பும். என்னைக் காப்பாற்றாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கதவை யாராவது உடைக்கட்டும். யாராக இருந்தாலும் சரி. யாராக இருந்தாலும் சரி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வெயில் எதிர்க்கரையில் ஏறிக்கொண்டே போனது. எறும்புகள் காலில் காய்ந்த ரத்தத்துக்கு வந்தன. அவற்றைத் துடைக்கக் கை எட்டவில்லை. சாவியைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டேன். எதற்கென்று தெரியாது. அதைத் தூக்கி எறிந்தால் வீட்டுக்குப் போய்ச் சேருமா? மேளம் மட்டும் விடாமல் அடித்தது. அந்த மேளத்தை வருஷா வருஷம் வெறுத்தவள் நான். அன்றைக்கு அது ஒன்றுதான் எனக்குத் துணை. அந்தப் பக்கம் மனுஷர் இருக்கிறார்கள் என்று அதனால்தான் தெரிந்தது.

பொழுது சாயும் நேரம். மேளம் திடீரென்று நின்றுவிட்டது.

திருவிழா முடிந்தது என்று நினைத்தேன். இனி எல்லோரும் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். யாரும் வரப்போவதில்லை. என் ஜெபத்தில் மிச்சம் இருந்த சத்தமும் போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. அந்த நேரத்துக்கு நம்பிக்கை என்று பெயர் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. கைவிட்டார் என்றுதான் நினைத்தேன். அதை மறைத்துப் பேச நான் வரவில்லை.

வெளிச்சம் முழுசாகப் போவதற்குள் மேலே ஆள் சத்தம் கேட்டது. "கனகா, கனகா" என்று பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முதலில் இறங்கி வந்தது என் மூத்தார். மேலெல்லாம் மஞ்சள் தண்ணீர், கழுத்தில் மாலை, அப்படியே வந்திருக்கிறார். அவர் பின்னால் ஊர் ஆண்கள் வரிசையாக இறங்குகிறார்கள். நான் என் காலைக் காட்டவில்லை. சாவியை நீட்டினேன். "பாப்பா உள்ள கீறா, பாப்பா உள்ள கீறா" என்றேன்.

மூத்தார் என் தலைமாட்டில் உட்கார்ந்து தண்ணீரை வாயில் விட்டார். என் வீட்டுக்காரர் அடக்கத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை இதுதான். "பாப்பா நல்லா கீதும்மா. உங்க அக்கா பூட்ட ஒடச்சி கூட்டியாந்துட்டா. கோயிலாண்ட பொம்பளைங்களோட கீது. நீ ஒண்ணும் பேசாத, சும்மா இரு."

நான் சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

கடப்பாரை போட்டு நெம்பிப் பாறையைப் புரட்டினார்கள். மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலி செய்து, தோள் மாற்றித் தோள் மாற்றி ரோடு வரை தூக்கிக்கொண்டு போனார்கள். சாமி கும்பிட விரதம் இருந்தவர்கள் அவர்கள். அன்றைக்குப் பொங்கல் வைத்தும் ஒரு வாய் சாப்பிடவில்லை. அங்கிருந்து வண்டி பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். காலில் கம்பி வைத்தார்கள். கால் தப்பியது, உயிரும் தப்பியது.

ஆனால் எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அன்றைக்கு ஞாயிறு, கதவில் பூட்டு. உள்ளே பிள்ளை இருக்கிறது என்று பச்சையம்மாள் அக்காவுக்கு எப்படித் தெரிந்தது? தேவதூதன் சொன்னானோ, சொப்பனம் வந்ததோ என்றெல்லாம் நினைத்தேன். சபையிலிருந்து வந்து பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து அக்காவே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எஸ்தரை மருமகளிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தாள், உட்காரவில்லை.

"எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"நீ திட்டக்கூடாது."

"திட்டல. சொல்லு."

"நீ திட்டுவ. எனக்குத் தெரியும்." முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "நீ பூட்டிக்கினு காட்டுக்குப் போனா, பின்னாடி ஜன்னலாண்ட நான் போவேன். கம்பி சந்துல கைய வுட்டு பாப்பாவுக்கு ஊட்டுவேன். இன்னிக்கி நேத்தி இல்ல, உன் வூட்டுக்காரர் போனதுலேர்ந்து. திருநாளு, பொங்கலுன்னா அவங்க அப்பன் பங்கு வரும். அத வேற யாருக்குக் குடுப்பேன்?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் கையைத் தவிர வேறு கையில் எஸ்தர் சாப்பிடவே மாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். "படைச்ச சோத்தயா குடுத்த? எம் புள்ளைக்கா?" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தியா, திட்டுற" என்றாள் அக்கா. ஆனால் போகவில்லை. "பசிச்சிக்கினு ஜன்னலப் பாத்துக்கினு நிக்கிது. அதுங்கிட்ட இன்னா படைச்சது, படைக்காதது. வெறுஞ்சோறும் குடுத்துக்கீறேன், கூழும் குடுத்துக்கீறேன். நீ வர்ற நேரம் எனக்குத் தெரியும். புளியமரத்து நெழலு உன் வூட்டு சொவத்துல ஏர்றதுக்குள்ள வந்துடுவ. அதுக்கு முன்னாடி நான் கைய கழுவிக்கினு ஓடிடுவேன். அன்னிக்கி பஸ்ஸு வரலன்னு கோயிலுக்கு வந்தவங்க சொன்னாங்க. அப்பவே தெரிஞ்சிச்சு, பாப்பா உள்ளதான் கீதுன்னு. கோயில்லேர்ந்து பொங்கல எடுத்துக்கினு வந்தேன். ஊட்டிக்கினே இருந்தேன். நெழலு ஏறிடுச்சு. நீ வரல. கூர வரைக்கும் ஏறிடுச்சு. நீ வரவே இல்ல. நீ திட்டினாலும் பரவால்ல, வந்துட்டா போதும்னு ஜன்னலாண்டயே நின்னேன். அப்புறம்தான் கல்ல எடுத்துப் பூட்ட ஒடச்சேன்."

பூட்டை உடைத்து, எஸ்தர் கையைப் பிடித்துக்கொண்டு மேடு ஏறி ஓடியிருக்கிறாள். கோயிலில் ஆட்டம் உச்சத்தில் இருந்த நேரம். நடுவில் போய் நின்று மேளக்காரர் கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னாளாம். திருவிழா மேளத்தைப் பாதியில் நிறுத்துவது எங்கள் பக்கம் யாரும் செய்யத் துணியாத காரியம். சாமி குற்றம் என்று பயப்படுவார்கள். அக்காவும் பயந்தாளாம். பயந்துகொண்டே நிறுத்தினாளாம்.

நான் ஓடையில் கிடந்து, மேளம் நின்றுவிட்டதே, கர்த்தர் கைவிட்டாரே என்று அழுத நேரம் அதுதான். என் ஜெபத்துக்குப் பதில் வந்த நேரத்தைத்தான் நான் கைவிடப்பட்ட நேரம் என்று நினைத்திருக்கிறேன்.

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். என் வீட்டுக்காரருக்காக அவள் அழ வேண்டிய அழுகையும் அதில் இருந்தது என்று நினைக்கிறேன். அன்றைக்குக் குழி மேட்டில் மனசார அழ நான் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. அக்கா கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்கால பஸ்ஸுக்குத்தான் எழுந்தாள்.

படைத்த சோற்றைப் பற்றி என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பாஸ்டர் ஐயா பார்க்க வந்தபோது கேட்டுவிட்டேன். அவர் ஜெபிக்கலாம் என்றார். அந்த ஜெபத்தில் பச்சையம்மாள் என்று பெயர் சொல்லி, அந்தத் தாய்க்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே என்றார். எனக்கு அந்தப் பதில் போதும். படைத்த சோற்றை நான் இன்றைக்கும் சாப்பிடுவதில்லை. ஆனால் யாராக இருந்தாலும் சரி என்று கேட்டவள் நான். அனுப்பின ஆள் சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

பச்சையம்மாள் அக்கா சபைக்கு வந்துவிட்டாளா என்று இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். வரவில்லை. வருவாள் என்று சொல்லி உங்களிடம் அல்லேலூயா வாங்கவும் எனக்கு மனமில்லை. அவளுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். அவள் அவளுடைய அம்மனிடம் என் காலுக்காக வேண்டிக்கொள்கிறாள். வாசலை இப்போது அவளே முழுசாகப் பெருக்குகிறாள், எனக்குத்தான் குனிய முடியாதே.

நான் வீட்டுக்குத் திரும்பிய நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பங்குனி முடிகிற சமயம். வண்டியிலிருந்து மூத்தார் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. எஸ்தர் என்னைத் தேடி இளைத்துப்போயிருப்பாள், என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்வாள். அக்கா வீட்டு வாசலில் அவள் உட்கார்ந்திருந்தாள். அக்கா சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை இளைக்கவில்லை, கன்னத்தில் சதை வைத்திருந்தது. தலையில் பூ.

"எஸ்தர், அம்மா வந்துட்டேன், வாம்மா" என்று கூப்பிட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். என்னைத் தெரிந்துகொண்டாள், சிரித்தாள். பிறகு அக்கா பக்கம் திரும்பி அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.

வரவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. பெற்றவள் நான், ஆஸ்பத்திரியில் அவளையே நினைத்துக் கிடந்தவள் நான், சோறு பெரிசாகப் போய்விட்டதா என்று கண்ணில் தண்ணீர் வந்தது. அப்படியே நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டிருக்கும்போதே இன்னொன்றும் புரிந்தது. நான் இல்லாத இத்தனை நாளும் இவள் சாப்பிட்டிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள், மாத்திரை போட்டிருக்கிறாள். நான் இல்லாமல் என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். என் வாழ்நாள் பயம் என்னவென்று கர்த்தருக்குத் தெரியும். அந்தப் பயத்தை அவர் என் கண்ணுக்கு முன்னாலேயே ஒன்றுமில்லாமல் ஆக்கிக் காட்டினார்.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடி அங்கயே நிக்கற? பொறாமையா?" என்றாள். ஆமாம் என்றேன். "உக்காரு. நீ போய்ட்டா நான் கீறேன். நான் போய்ட்டா என் மருமவ கீறா, அவளுக்கும் இது ஒட்டிக்கிச்சு. உன் சாமி கூப்டற வரைக்கும் கம்முனு இரு. நீயா போய் கதவத் தட்டாத" என்றாள். எனக்கு ஆறுதல் சொன்ன எத்தனையோ பேரில் இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் யாரும் இல்லை.

நான் பரலோக வீட்டை மறந்துவிடவில்லை. இன்றைக்கும் அந்தப் பாட்டுகளைப் பாடினால் அழுகை வரும். எஸ்தரின் குரலை அங்கே கேட்பேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் யார் முன்னே, யார் பின்னே என்று கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன். நான் முன்னே போனால், அவள் வருகிறவரை அங்கே காத்திருப்பேன். காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான்.

இந்தச் சாட்சியைக் கேட்கிறவர்களில் அந்த ஜெபத்தை ரகசியமாகச் செய்கிற தாய் யாராவது இருப்பீர்கள். தகப்பன்மாரும் இருப்பீர்கள். உங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு அந்த ஜெபத்தை மாற்றிச் செய்து பாருங்கள். எனக்கு முன்னே எடுத்துக்கொள்ளும் என்று கேட்காதீர்கள். எனக்குப் பின்னே பார்த்துக்கொள்ளும் என்று கேளுங்கள். நீங்கள் கேட்பதற்கு முன்பே, உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிற ஒரு கையை அவர் வைத்திருப்பார். நீங்கள் திட்டுவீர்களோ என்று பயந்துதான் அந்தக் கை வெளியே வராமல் இருக்கிறது.